பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள்: எல்லாரும் ஒன்றாகவா, ஒவ்வொருவராகவா, பெற்றோரோடா?

"லீவுக்குப் பசங்களை அனுப்பட்டுமா?" என்று மகளோ மகனோ போனில் கேட்டதும், "அனுப்பு, இதுல கேக்க என்ன இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். யார் யார், எத்தனை நாளைக்கு, கூட யார் வருகிறார்கள் என்ற பேச்செல்லாம் அப்புறம்தான் வரும். சில வீடுகளில் பிள்ளைகள் வாசலில் வந்து இறங்கும்வரை அந்தப் பேச்சே நடப்பதில்லை. ஐந்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்புவார்கள் என்று மனசுக்குள் நாள் எண்ணி, அப்படி எண்ணியதை நினைத்துக் கூசிப்போகும் தாத்தா பாட்டிகள் நிறையப் பேர். பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. ஏற்பாட்டில்தான் கோளாறு.

ஏற்பாடுகள் நான்கு. பேரப்பிள்ளைகள் பெற்றோரோடு வருவது. பெற்றோர் இல்லாமல் எல்லாரும் கூட்டாக வருவது. முறை வைத்து ஒருவர் அல்லது இருவராக வருவது. நீங்களே கிளம்பி அவர்கள் வீட்டுக்குப் போவது. பெரும்பாலானவர்கள் வீட்டில் எத்தனை அறை, எத்தனை படுக்கை என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட உருப்படியான கணக்கு ஒன்று இருக்கிறது: ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் காதில் விழுந்து, தடுமாறாமல் எழுந்து போகக்கூடியவர்கள் வீட்டில் எத்தனை பேர்?

பகலை எப்படியும் ஓட்டிவிடலாம். கால் ஓய்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி மேய்க்கலாம். ராத்திரிக்கு அந்த வசதி கிடையாது. தூக்க மாத்திரை போடுபவர், காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் படுப்பவர், எழுந்ததும் தலை சுற்றுபவர் ஆகியோரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். தாத்தாவும் பாட்டியும் இருக்கிற வீட்டில் விடை 'ஒன்று' என்று வருவது சகஜம். 'பூஜ்யம்' என்றும் வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடை ஒன்று என்றால், பெற்றோர் இல்லாத வருகையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்றுக்கு மேல் வேண்டாம். பூஜ்யம் என்றால் முதல் ஏற்பாடோ நான்காவதோதான்.

பெற்றோரோடு வருவது

பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. காய்ச்சல், அழுகை, அடம் எல்லாவற்றுக்கும் உரியவர்கள் கூடவே இருக்கிறார்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பெற்றோர் இல்லாத வருகையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆள் கூடுவதால் சமையலும் துணியும் குளியலறை வரிசையும் கூடும். முக்கியமாக, பேரனோ பேத்தியோ உங்கள் பக்கம் வருவது குறையும். தடுக்கி விழுந்தாலும் தாகம் எடுத்தாலும் குழந்தை ஓடுவது அம்மாவிடம். ஒரு வாரம் முழுக்க விருந்து உபசரித்துவிட்டு, 'குழந்தையோட உட்கார்ந்து அரைமணி பேசினேனா?' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டாம் நாளே ஒரு வேளைச் சமையலையும் துணி துவைப்பதையும் வந்தவர்களிடம் ஒப்படையுங்கள். மகள், மருமகன், மகன், மருமகள் யாராக இருந்தாலும் வந்த முதல் நாள் தூங்கி எழட்டும். அடுத்த நாளிலிருந்து வேலை. மூன்றாம் நாள் மாலை அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் குழந்தைகளை நீங்கள் மட்டும் பாருங்கள். பின்னால் பேரப்பிள்ளைகள் தனியாக வருவதற்கு அதுவே ஒத்திகை. தூங்க வைப்பதும் உங்கள் கையால் நடந்துவிட்டால் ஒத்திகை வெற்றி.

மனக்கசப்பு பெரும்பாலும் கைக்குழந்தை விஷயத்தில்தான் முளைக்கும். "உங்களையெல்லாம் குப்புறப் போட்டுத்தான் தூங்க வச்சோம், என்ன ஆயிடுச்சு?" என்ற வாதத்தை எடுக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளில் மருத்துவர்கள், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி சொல்லத் தொடங்கினார்கள். அதன் பிறகு தூக்கத்தில் நேரும் திடீர் குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நீங்கள் செய்தது அந்தக் காலத்து அறிவு. இது இந்தக் காலத்து அறிவு. ஒரு வயது வரை தட்டையான, அழுத்தினால் அமுங்காத மெத்தை; தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நீங்களும் கண்ணயர்வது மிக ஆபத்தான பழக்கம். பரணிலிருந்து பழைய தொட்டில் கட்டிலை இறக்குவதாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, ஒரு பக்கம் கீழே இறங்கும் ரகமாக இருந்தாலோ, அது பரணிலேயே இருக்கட்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை விரலால் தொட்டுக்கூட நாக்கில் வைக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு நான்கிலிருந்து ஏழு நாள் சரியான அளவு. அதற்கு மேல் போனால் வீடு யாருடையது, சட்டம் யாருடையது என்ற கேள்வி எழுந்துவிடும்.

எல்லாரும் கூட்டாக, பெற்றோர் இல்லாமல்

போட்டோவில் மிக அழகாகத் தெரிவது இதுதான். அத்தை பிள்ளையும் மாமா பிள்ளையும் சேர்ந்து ஓடும் வீட்டில், பகலில் பாதி நேரம் பெரியவர்களைத் தேட ஆளே இருக்காது. வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் ஒரே அறையில் படுத்துக் கிசுகிசுத்து வளர்த்துக்கொள்ளும் நெருக்கத்தை வேறு எப்படியும் உண்டாக்க முடியாது. ஆகவே இதை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் நான்கில் அதிகம் தவறிப்போவதும் இதுவே.

கூட்டத்தின் வேகத்தைப் பெரியவன் தீர்மானிக்கிறான். அடி படுவது கடைக்குட்டிக்கு. பத்து வயதுக்காரன் கொண்டுவந்த விளையாட்டுச் சாமானில் சின்னச் சின்னத் துண்டுகளும் காந்தக் குண்டுகளும் இருக்கும். இரண்டு வயதுக் குழந்தை அதை வாயில் போடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். காந்தம் உள்ள பொம்மைகள் வந்த அன்றே பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். மற்ற சின்னத் துண்டுகளைப் பெரிய பிள்ளைகள் மேஜை மீது மட்டும் வைத்து விளையாடட்டும், தரையில் கூடாது.

தண்ணீர் இன்னொன்று. வாளியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த சிறு குழந்தை மூழ்கலாம், சத்தமே கேட்காது. ஆகவே பயன்படுத்திய வாளியை அப்போதே கவிழ்த்துவிட வேண்டும். நீச்சல் குளமோ ஆறோ கடலோ போனால், இருக்கும் பெரியவர்களில் ஒருவருக்கு மட்டும் 'நீ பார்' என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

ராத்திரிக்கு வருவோம். ஒரே அறையில் எல்லாரையும் ஒரே நேரத்தில் படுக்கவைத்தால் பதினொரு மணி வரை சிரிப்பு ஓயாது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மூன்றாம் நாள் மதியம் யாரோ யாரையோ கடித்திருப்பார்கள். சின்னவர்களை முதலில் படுக்கவைத்து, அவர்கள் தூங்கி முக்கால் மணி நேரம் கழித்துப் பெரிய பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். கடைக்குட்டிக்கு வேறு அறை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒன்று விழித்தால் மற்றவையும் விழிக்கும். அடுக்குக் கட்டில் இருந்தால் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மேல் தட்டு இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லைதான்.

நான்கு பேருக்கு மேல் வந்தால் மூன்றாவதாக ஒரு பெரியவர் வேண்டும். கல்யாணமாகாத சித்தப்பாவோ சித்தியோ பக்கத்தில் இருந்தால் இப்போதே பேசிவையுங்கள். நாள் கணக்கு, அதிகபட்சம் நான்கு. சண்டையைத் தீர்க்க நீதிபதியாகும் நேரத்தில் பாதியை வேறொன்றுக்குச் செலவிடலாம்: தினமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினைந்து நிமிஷம், தனியாக, அது சொல்கிற விளையாட்டு. "பாட்டிக்கு அவனைத்தான் பிடிக்கும்" என்ற முணுமுணுப்பு இதில் பெருமளவு அடங்கும்.

முறை வைத்து ஒருவர், இருவர்

எங்கள் ஓட்டு இதற்கே. ஏழிலிருந்து பதினொன்று வரையான வயதுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தனக்கென்று தாத்தாவும் பாட்டியும் முழுசாகக் கிடைக்கிற பிள்ளை வேறு ஆளாக இருக்கும். வீட்டில் வாயே திறக்காதவன் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்லுவான்.

ஒருவரா, இருவரா? ஒற்றைப் பிள்ளை என்றால் விளையாட்டுத் தோழர் நீங்கள்தான். ஆறு, ஏழு வயதில் அது காலையிலிருந்து மாலை வரை ஓயாத வேலை. இரண்டு மூன்று வயது வித்தியாசத்தில் இருவர் என்றால் சண்டை கொஞ்சம் உண்டு, ஆனால் மதியம் உங்களுக்கு முக்கால் மணி நேரம் கண்மூடக் கிடைக்கும். மூன்று பேர் என்பது மோசமான எண். இருவர் சேர்ந்துகொண்டு ஒருவரைக் கழற்றிவிடுவார்கள். பதின்வயதுப் பிள்ளைகளைத் தனியாக அழைப்பதே நல்லது. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. காலை ஒன்பதரைக்கு எழுவதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு விருந்தாளி வேஷம் அலுத்துவிடும். நிஜமான வேலை ஒன்று கொடுங்கள்: பழைய ஆல்பத்துப் படங்களை ஸ்கேன் செய்து, உங்களைக் கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதுவது போல.

இதன் குறைகள் இரண்டு. ஒருவனை அழைத்தால் மற்றவள் "நான் எப்போ?" என்பாள். வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரில் எல்லாருடைய முறையையும் எழுதி, எல்லா வீட்டுக்கும் படம் எடுத்து அனுப்பிவிட்டால் பேச்சு முடிந்தது. இரண்டாவது குறை, வீட்டு ஏக்கம். தனியாக வரும் பிள்ளைக்கு அது கூட்டத்தில் வரும் பிள்ளையைவிட அதிகம். அதற்கும் ராத்திரிதான் நேரம்.

பகல் முழுக்கச் சிரித்து விளையாடிய குழந்தை, விளக்கை அணைத்ததும் வயிற்றை வலிக்கிறது என்னும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. "அம்மாகிட்ட பேசறேன்" என்று கேட்டு, போன் போட்டு, திரையில் அம்மா முகம் தெரிந்ததும் உடைந்து அழும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்குப் போன் பேசுவதைக் காலைப் பலகாரத்துக்குப் பிறகோ மதியமோ வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். "அழுகை வந்தா சொல்லு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பெற்றோர் சொல்லி அனுப்பக் கூடாது. கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் குழந்தை அதை 'நீ சமாளிக்க மாட்டாய்' என்றே புரிந்துகொள்ளும். வீட்டில் தினமும் படுக்கும் தலையணையின் உறையைத் துவைக்காமல் அப்படியே பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வாசனை செய்யும் வேலையை உங்கள் சமாதானப் பேச்சு செய்யாது.

படுக்கையை நனைப்பதும் புது இடத்தில் சகஜம்; வீட்டில் நிறுத்திவிட்ட பிள்ளைக்கும் நேரும். படுக்கை விரிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெத்தை மேல் தண்ணீர் புகாத விரிப்பு, அதன் மேல் துணி விரிப்பு, அதற்கு மேல் மறுபடியும் ஒரு தண்ணீர் புகாத விரிப்பு, மறுபடியும் துணி என்று நான்கு அடுக்காக விரித்துவிடுங்கள். ராத்திரி நனைந்தால் மேலிருக்கும் இரண்டையும் சுருட்டி எடுத்தால் போதும், கீழே உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். மாற்று உடுப்பு தலைமாட்டில் இருக்கட்டும். பெரிய விளக்கைப் போட வேண்டாம், பேச வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவும் வேண்டாம். வந்த அன்று மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை குழந்தையை ஒரு முறை நடக்கவைத்துக் காட்டுங்கள். அந்த வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு. அது உங்கள் காலுக்கும் உதவும்.

முதல் தடவை இரண்டே ராத்திரி. 'ஆசையா இருக்கு, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே' என்று நீட்டாதீர்கள். போதவில்லை என்ற ஏக்கத்தோடு கிளம்பும் பிள்ளை அடுத்த முறை தானே பையைத் தூக்கிக்கொண்டு வரும்.

நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவது

பிறந்த குழந்தைக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இதுவே மேல். குழந்தை தன் படுக்கையில் தூங்கும். மாடிப்படிக்குத் தடுப்பும் அலமாரிக்குக் கொக்கியும் ஏற்கெனவே இருக்கும். பச்சிளங்குழந்தையைப் பார்க்கப் போவதாக இருந்தால் கக்குவான் இருமல் தடுப்பூசி, சீசன் என்றால் ப்ளூ தடுப்பூசி ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், விருந்தாளியாகப் போய் நான்காம் நாள் வீட்டு வேலை முழுக்க உங்கள் தலையில் விழுந்திருக்கும். திரும்பும் தேதியைப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் குழந்தைக்கு எட்டும் ஒரே ஆபத்து நீங்கள் கொண்டுபோகும் கைப்பையாகவும் இருக்கலாம்.

மாத்திரை டப்பாவும் மற்றவையும்

நான்கு ஏற்பாட்டுக்கும் பொதுவான அபாயம் அந்தக் கைப்பைக்குள்ளேயும் கட்டில் பக்கத்து மேஜையிலும் இருக்கிறது. ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா பெரியவர்களின் விரல்களுக்கு எளிதாகத் திறக்கும்படி செய்யப்பட்டது. ஆகவே இரண்டு வயது விரலுக்கும் எளிது. உள்ளே கலர் கலராக இருப்பது அதற்கு மிட்டாய். சில ரகச் சர்க்கரை மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சிறு குழந்தைக்கு உயிராபத்து. அந்தச் சர்க்கரை மாத்திரைகள் பல மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் என்பதால், 'நல்லாத்தானே விளையாடுது' என்று காத்திருக்கக் கூடாது. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூட்டுள்ள அலமாரி இல்லையென்றால், பூட்டக்கூடிய ஒரு சூட்கேஸும் போதும்.

அடுத்தது பட்டன் பேட்டரி. ரிமோட், எடை மெஷின், கார் சாவி ஆகியவற்றில் இருக்கும் 20 மில்லிமீட்டர் லித்தியம் ரகம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். ரிமோட்டின் பின் மூடி தளர்ந்திருந்தால் டேப் சுற்றுங்கள். காதுக் கருவி பேட்டரி சின்னது; ஆனால் மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டால் அதுவும் புண்ணாக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயது தாண்டிய குழந்தை, 12 மணி நேரத்துக்குள் விழுங்கியிருந்து, தொண்டையில் இறங்குகிறது என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கிளம்பத் தாமதிக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

குளியலறைக் குழாயில் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி ஹீட்டரைக் குறையுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் ஆழமான புண்ணாக்கும். நான்கு வயதுக்குக் கீழே முழு முந்திரி, பாதாம், நிலக்கடலை கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாட்டில் நான்காக நறுக்கிக் கொடுக்க வேண்டும், குறுக்கே வெட்டினால் அதே வட்டம் தொண்டையை அடைக்கும். சின்னக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கவோ சுழற்றவோ கூடாது, முழங்கை மூட்டு நழுவும். குழந்தை திடீரென்று ஒரு கையை மட்டும் அசைக்காமல் தொங்கவிட்டிருந்தால் அதுவாக இருக்கலாம், மருத்துவர் ஒரு நிமிஷத்தில் சரிசெய்வார்.

பெற்றோர் இல்லாமல் வந்தால் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் குழந்தையின் இன்றைய எடை, ஒவ்வாமை, வழக்கமான மருந்து, மருத்துவரின் போன் எண், அவசரச் சிகிச்சைக்கு உங்களுக்கு அனுமதி தரும் இரண்டு வரி ஆகியவை இருக்க வேண்டும். எடை எதற்கு என்றால், காய்ச்சல் மருந்தின் அளவு வயதைவிட எடையை ஒட்டியது. சிரப்பின் வீரியமும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்; ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. அவர்கள் வீட்டில் கொடுக்கும் அதே பாட்டிலையே அனுப்பச் சொன்னால் குழப்பம் இல்லை.

நடுவழி ஒன்று

நாலுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதுக் குழந்தைக்கு எது என்று தீர்மானிக்க முடியாமல் திணறினால் இப்படிச் செய்யலாம். பெற்றோர் கொண்டுவந்து விடட்டும், முதல் ராத்திரி கூடவே தங்கட்டும். குழந்தையைத் தூங்கவைப்பது மட்டும் அன்றிலிருந்தே உங்கள் வேலை. அவர்கள் அடுத்த அறையில் இருப்பார்கள். மறுநாள் கிளம்பிப் போய், இரண்டு ராத்திரி கழித்துத் திரும்பி வரட்டும். புது இடம், புது ஆள், அம்மா இல்லாமை என்ற மூன்றும் ஒரே ராத்திரியில் குழந்தை தலையில் விழாது.

அப்படிக் கிளம்பும்போது, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போகும் யோசனையைப் பெற்றோர் சொல்வார்கள். அழுகையைப் பார்க்க அவர்களுக்கே தாங்காது. அதற்குச் சம்மதிக்காதீர்கள். விழித்திருக்கும்போது, வாசலில் நின்று, "ரெண்டு ராத்திரி தூங்கி எழுந்தா நாங்க வந்திடுவோம்" என்று சொல்லிவிட்டே போகட்டும். அழுகை பத்து நிமிஷம் இருக்கும். நழுவிப் போனாலோ, கண்ணை மூடினால் ஆள் காணாமல் போவார் என்று தெரிந்துகொண்ட குழந்தை, அன்று ராத்திரி உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடாமலே கிடக்கும்.